வாயுக் கோளாறு

வடசரிவு நிலையம், செவ்வாய்
மருத்துவப் பதிவேடு: டாக்டர் ஹெப்சிபா செல்வின்

நாள் 611, காலை 8:10

வாராந்திர ரத்தப் பரிசோதனை முடிந்தது. மாதிரிகள் இரண்டு. இசக்கியப்பன் அண்ணாச்சியுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. அவர் நேற்றே ரத்தம் கொடுத்துவிட்டு, நிலத்தடிப் பனியைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கும் பனிக்கிணற்றுக்குக் கிளம்பிப் போய்விட்டார். அங்கே துளைப்பான் மறுபடியும் மக்கர் செய்கிறது.

எழுதியவரை அறியாத ஒருவர் கையில் கிடைத்தாலும் புரிய வேண்டும் என்பது பதிவேட்டு விதி. ஆகவே சொல்லிவிடுகிறேன். நான் ஹார்மோன் மருத்துவர். வயது நாற்பத்தாறு, ஊர் நாகர்கோவில். அண்ணாச்சி பொறியாளர், என்னைவிட ஏழு வயது மூத்தவர், அம்பாசமுத்திரத்துக்காரர். மற்றவர்கள் போன கப்பலில் பூமிக்குத் திரும்பிவிட்டார்கள். அடுத்த அணி வரும்வரை நிலையத்தைப் பார்த்துக்கொள்வது எங்கள் இருவர் பொறுப்பு. காற்று, வெப்பம், கதவு, கையிருப்பு எல்லாவற்றையும் நடத்துவது ஒரு கணினி. எதைக் கேட்டாலும் கணக்கு ஒப்பிக்கும் என்பதால் அண்ணாச்சி அதற்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்தார். அதுவே நிலைத்துவிட்டது.

எங்கள் இடது கையில், தோலுக்கு அடியில், தீக்குச்சி அளவில் ஒரு மருந்துக் குச்சி இருக்கிறது. பெயர் தணிப்பான். எனக்குப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜெனையும் அவருக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனையும் அடிமட்டத்தில் வைத்திருக்கும். பதற்றத்தில் கார்ட்டிசோல் எகிறாமல் அமுக்கும். அதனால் மாதவிடாய் இல்லை, கோபம் இல்லை, அழுகை இல்லை. ஒரு டப்பாவுக்குள் வருடக்கணக்கில் அடைபட்டவர்கள் ஒருவர் குரல்வளையை ஒருவர் கடிக்காமலிருக்க இந்த ஏற்பாடு. சூடு தணிக்கிறது என்று அண்ணாச்சி இதை மோர்க்குச்சி என்பார். இரண்டு வருடம் இந்த மோரைக் குடித்தால் இதயத்தின் ரத்தக் குழாய்கள் என்ன பாடுபடும் என்பதுதான் என் ஆராய்ச்சி.

முடிவுகள்: அண்ணாச்சிக்கு டெஸ்டோஸ்டிரோன் இன்னும் இறங்கியிருக்கிறது, கெட்ட கொழுப்பு ஏறியிருக்கிறது. மாரடைப்பு ஆபத்து: உயர்வு. எனக்கு: குறைவு.

காலையில் கணக்குப்பிள்ளையிடம் சொன்ன உடல் குறை: மேல்தளத் தோட்டத்துக்கு ஏணி ஏறியபோது மேல்வயிற்றில் அடைப்பு. வாயுக் கோளாறு. மோர்ப்பொடியில் பெருங்காயம் கலந்து குடித்தேன். சரியாகிவிட்டது.

நாள் 613, மாலை 5:30

தங்கை ரூபியிடமிருந்து செய்தி வந்தது.

"அக்கா, அம்மா தவறிட்டாங்க. காலையில ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்க. நீ அங்க தனியா கெடந்து அழாத, என்ன."

அழவில்லை. வருத்தம் வருகிறதா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. கொழுப்பு அளக்கும் கருவியைச் சரிபார்க்க வேண்டியிருந்தது, எழுந்து போய்ச் சரிபார்த்தேன். ரூபிக்கு ஆறுதலாக நாலு வரி அனுப்பினேன். நல்ல வரிகள்தான், யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம்.

நாளையிலிருந்து சூரியன் நமக்கும் பூமிக்கும் நடுவில் வந்துவிடும். மூன்று வாரம் பூமியோடு பேச்சுவார்த்தை கிடையாது.

நாள் 616, காலை 9:00

புழுதிப் புயல். மேற்கிலிருந்து வந்தது. வெளியே வெளிச்சம் பழுப்பாக இருக்கிறது. சூரியத் தகடுகள் ஏறக்குறைய சும்மா நிற்கின்றன. வெயிலில் ஓடும் தன் வண்டியும் நின்றுவிட, அண்ணாச்சி பனிக்கிணற்றுக் குடிலில் மாட்டிக்கொண்டார். அறுபது கிலோமீட்டர் தூரம். சாப்பாடும் மின்கலமும் இருக்கின்றன, பயமில்லை.

வானொலியில் அவருடைய ரத்த முடிவைச் சொன்னேன். பதில் அப்படியே:

"சொல்லுங்க டாக்டரம்மா. என்ன, ஆம்பளத்தனம் கொறஞ்சு போச்சா? இங்க இருக்கது நானும் துளைப்பானுந்தான். அதுக்கிட்டப் போயி எதுக்குக் காட்டணும்?"

விளையாட்டில்லை என்றேன். டெஸ்டோஸ்டிரோன் இவ்வளவு இறங்கிய ஆண்களுக்கு இதயக் குழாய் அடைப்பு அதிகம் காணப்படுகிறது, இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது என்றேன். நெஞ்சில் ஏதாவது செய்தால் உடனே சொல்ல வேண்டும் என்றேன்.

"செஞ்சா சொல்லாம இருப்பேனா? உங்கள விட்டா இங்க யாரு இருக்கா எனக்கு?"

ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நிலையத்தில் ஒன்றுதான் இருக்கிறது. மற்றவை காலாவதியாகிவிட்டன. அதை அவர் பெயர் எழுதித் தனியாக எடுத்து வைத்தேன்.

உடல் குறை: வாயு. இடது தோளிலும் கொஞ்சம் பிடிப்பு. வாயு தோளுக்கு ஏறும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள்.

நாள் 619, காலை 10:20

காற்று வடிகட்டிகளை எண்ணினேன். இருக்க வேண்டியதில் பாதிதான் இருக்கிறது. யார் தின்றது என்று கணக்குப்பிள்ளையைக் கேட்டேன். பதில்:

"தாங்கள் காலைக் குறைப் பதிவில் வாயுக் கோளாறு எனப் பலமுறை தெரிவித்துள்ளீர்கள். ஒவ்வொரு முறையும் அது காற்றுப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது. பரிசோதனையில் நிலையத்தின் வாயுக்களில் கோளாறு எதுவும் காணப்படவில்லை. எனினும் முன்னெச்சரிக்கையாக வடிகட்டி மாற்றப்பட்டது."

பழைய நானாக இருந்தால் தரையில் உருண்டு சிரித்திருப்பேன். மாதக்கணக்கில் என் வயிற்று உப்பலுக்கு இந்தப் புண்ணியவான் நிலையத்துக்கு வைத்தியம் பார்த்திருக்கிறது. தமிழ் தெரிந்த கணினி வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினோம். வாயு என்றால் எங்கள் ஊரில் வயிறு, நெஞ்சு, முதுகு, தோள் எங்கே பிடித்தாலும் வாயுதான் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சொல்லிக்கொடுத்தேன். பழைய பதிவுகளை மருத்துவப் பிரிவுக்கு மாற்றியது. அதோடு விடவில்லை:

"மாற்றப்பட்டது. ஒரு குறிப்பு. இவற்றில் பெரும்பாலானவை தாங்கள் ஏணி ஏறிய பின் தெரிவித்தவை. உணவுக்குப் பின் தெரிவித்தவை குறைவு."

வாயு நேரம் காலம் பார்த்தா வரும் என்று சொல்லி அதன் வாயை அடைத்தேன்.

நாள் 621, காலை 11:45

அண்ணாச்சியின் அழைப்பு:

"டாக்டரம்மா, ஒண்ணுமில்ல, சும்மா சொல்லி வைக்கேன். நெஞ்சுல கல்லத் தூக்கி வச்சாப்புல இருக்கு. காலையில இருந்தே. வேர்க்கவும் செய்யிது. வாய்வுதான்னு நெனைக்கேன்."

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் அண்ணாச்சி, அப்படிச் சொல்லியே செத்துப்போவார்கள் என்றேன். ஆஸ்பிரின் மென்று விழுங்கிவிட்டு அசையாமல் படுக்கச் சொன்னேன்.

தீர்மானிக்க நேரம் ஆகவில்லை. அவருடைய எண்கள் என் முன்னால் இருக்கின்றன. வயது, கொழுப்பு, டெஸ்டோஸ்டிரோன் மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. ஊசியையும் கையடக்க இதயப் பதிவுக் (ஈ.சி.ஜி) கருவியையும் ரத்தச் சோதனைக் கீற்றையும், தானே வழி பார்த்து ஓடும் ஆளில்லாச் சரக்கு வண்டியில் வைத்து அனுப்பினேன். வண்டியின் மின்கலம் போகத்தான் போதும். திரும்பி வர வெயில் வேண்டும். வெயில் வர இன்னும் பல நாள் ஆகும்.

பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தபோது மூச்சு வாங்கியது. வாயு. இப்போது அதைக் கவனிக்க நேரமில்லை.

நாள் 622, காலை 7:15

வண்டி போய்ச் சேர்ந்தது. அண்ணாச்சி கருவியை மாட்டிக்கொண்டு பதிவை அனுப்பினார். மூன்று தடவை எடுக்கச் சொன்னேன். மூன்றும் சுத்தம். விரல் நுனி ரத்தத்திலும் இதயத் தசை கெட்டதற்கான அடையாளம் இல்லை.

"டாக்டரம்மா, கோவிக்கக் கூடாது. முந்தாநாத்து ஊறப்போட்ட கொண்டக்கடல ஒரு குண்டான் தின்னுட்டேன். இப்பம் ரெண்டு ஏப்பம் வந்துச்சு பாத்துக்கிடுங்க, கல்லு எறங்கிட்டு. சும்மாவே உங்களப் போட்டு அலக்கழிச்சிட்டேன்."

பரவாயில்லை என்றேன். ஊசியைப் பத்திரமாக வைத்திருங்கள், புயல் அடங்கியதும் கொண்டு வாருங்கள் என்றேன். நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்த மாதிரி தெரியவில்லை.

நாள் 622, காலை 9:40

கீழ்த்தாடையில் வலி. கடைவாய்ப் பல் என்று நினைத்தேன். குமட்டல். காலைக் குறையில் சொன்னேன். இந்தத் தடவை அது காற்றுப் பிரிவுக்குப் போகவில்லை.

"தாடை வலி, குமட்டல், தோள் பிடிப்பு, உழைப்பின்போது மேல்வயிற்று அடைப்பு. பழைய பதிவுகளோடு சேர்த்துப் பார்க்கையில் இவை பெண்களுக்கு வரும் இதயத் தமனி நோயின் அறிகுறிகளோடு பொருந்துகின்றன. இதயப் பதிவு எடுக்கப் பரிந்துரைக்கிறேன்."

சிகிச்சை அறையின் பெரிய கருவியில் படுத்துப் பதிவு எடுத்தேன். நானே எடுத்து நானே படித்தேன். கோடு ஏறி நிற்கிறது. முன்பக்கக் குழாய் அடைத்துவிட்டது, மாரடைப்பு. இதையே ஒரு மாணவன் எனக்குக் காட்டி இது என்ன டாக்டர் என்று கேட்டிருந்தால், இன்னும் ஏன் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்கிறாய் என்று கத்தியிருப்பேன்.

ஆஸ்பிரின் மென்றேன். ஆக்சிஜன் அளவு சரியாகத்தான் இருக்கிறது. காற்று மிகச் சுத்தமாக இருக்கிறது, வடிகட்டிகள் எல்லாம் புதுசு.

நாள் 622, காலை 10:30

படுத்துக்கொண்டே ஆபத்துக் கணக்கை மறுபடி போட்டேன்.

அட்டவணையில் ஐம்பது வயதுக்குக் கீழே உள்ள பெண் என்றால் புள்ளிகளைக் கழித்துவிடுவார்கள். மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜென் குழாய்களைக் கொஞ்சம் காத்து நிற்கும் என்பது கணக்கு. நானும் எனக்குக் கழித்துக்கொண்டேன். அந்தக் காவல்காரனை இரண்டு வருடத்துக்கு முன்பே கையில் குச்சி ஏற்றி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. என் ஈஸ்ட்ரோஜென் எழுபது வயதுக் கிழவியின் அளவில் இருக்கிறது. வாரா வாரம் அந்த எண்ணை எழுதியது இந்தக் கைதான். அடுத்த வரியில் குறைவு என்று எழுதியதும் இதே கைதான். அவருடைய ஹார்மோனை நோயாகப் பார்த்தேன், என்னுடையதை வெறும் எண்ணாகப் பார்த்தேன். அவர் வாய்வு என்றபோது நம்பவில்லை. நான் வாயு என்றபோது ஒரு கேள்வி கேட்கவில்லை.

வயதையும் ஆண், பெண் என்ற கணக்கையும் எடுத்துவிட்டு உண்மையான அளவுகளைப் போட்டால் என் ஆபத்து அவருடையதைவிட அதிகம். முடிவைப் பதிவு செய்தேன். ஆராய்ச்சிக்கு நல்ல முடிவு. எனக்குச் சுயபச்சாதாபம்கூட வரவில்லை.

நாள் 622, பகல் 12:05

அண்ணாச்சி கூப்பிட்டார். என் குரலைக் கேட்டதும் பிடித்துக்கொண்டார்.

"என்ன டாக்டரம்மா, சத்தம் ஒரு மாதிரி இருக்கு? உடம்புக்கு என்ன செய்யிது?"

கொஞ்சம் களைப்பு என்றேன்.

"களைப்புக்கு இப்படி மூச்சு வாங்காது. நான் ஒரு காரியம் சொல்லுதேன், கேளுங்க. குடில்ல ஹீட்டருக்கு இருக்க மின்கலத்தப் பிடுங்கி என் வண்டில மாட்டினா ஓடும், சரக்கு வண்டிக்கு அது பொருந்தாது. நானே ஓட்டிட்டு வந்துருவேன். ஊசியும் வந்துரும். என் வண்டி அதுவா வழி பாக்காது, புழுதில எனக்கும் வழி தெரியாதுதான். கலம் பாதி வழில நின்னாலும் நிக்கும். பாதிக்குப் பாதின்னு வச்சுக்கிடுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கெளம்பிருவேன்."

கணக்குப் போட்டேன். ஊசி வர எட்டு மணி நேரம் ஆகும். அதற்குள் தசையில் பெரும் பகுதி செத்திருக்கும். பலன் சொற்பம். அவர் வழியில் உறைந்து போக வாய்ப்பு பாதி. இரண்டு பேர் சாவதைவிட ஒருவர் சாவது மேல். நெஞ்சு வலித்ததே தவிர யோசனையில் ஒரு சிக்கலும் இல்லை. நான் சொன்னது:

"வேண்டாம் அண்ணாச்சி. இப்பதான் பதிவு எடுத்தேன், சுத்தமா இருக்கு. உங்களுக்கு வந்த அதே வாயுதான். கெளம்பாதீங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்பம் சரி. எனக்கு இப்பந்தான் உசுரு வந்துச்சு. ஹீட்டருக்கு மிச்சம் பிடிக்கணும், வானொலிய அணைச்சு வைக்கேன். புயல் அடங்கினதும் பேசுதேன். பெருங்காயத்தப் போட்டுக் குடிச்சிட்டுப் படுங்க, என்ன."

அணைத்துவிட்டார். சரியான முடிவு. பதிவு செய்கிறேன்.

நாள் 622, மாலை 4:50

ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது. இந்த மாதிரி நேரத்தில் உடம்பு கார்ட்டிசோலைக் கொட்டித் தன்னைத் தூக்கி நிறுத்தப் பார்க்கும். தணிப்பான் அதை விடுவதில்லை. குச்சியை எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜென் திரும்ப மாதங்கள் ஆகும், ஆனால் பதற்றத்தை அமுக்கும் மருந்து சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அழுத்தம் கொஞ்சம் நிமிரும்.

மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு கையைக் கீறிக் குச்சியை எடுத்தேன். பாத்திரத்தில் போட்டேன். இவ்வளவு சின்னதாக இருக்கிறது.

நாள் 622, இரவு 8 இருக்கும்

அழுத்தம் ஏறியிருக்கிறது. நான் நினைத்தது சரி.

எழுத்துப் பலகையில் தப்புத் தப்பாக விழுகிறது. இது இதயத்தாலா வேறெதனாலா என்று தெரியவில்லை.

அம்மா செத்துப்போய்விட்டாள். இப்போதுதான் தெரிகிறது. ஒன்பது நாளாக எனக்குத் தெரியும், ஆனாலும் இப்போதுதான் தெரிகிறது. ரூபிக்கு நான் எழுதிய அந்த நாலு வரியை நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது. அவள் என்னை அழாதே என்றாள். அக்கா அழவே மாட்டாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும். வாய்விட்டு அழுதேன். அழுதால் வலி கூடுகிறது. நிறுத்த முடியவில்லை.

பயமாக இருக்கிறது. எழுதுகிறேன், படிக்கிறவர் யாராக இருந்தாலும். எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு வருடமாக இது எங்கே இருந்ததோ, மொத்தமாக வந்து மேலே விழுந்துவிட்டது. நாற்பத்தாறு வயது. சாக மாட்டேன். நான் ஏன் சாக வேண்டும்.

நாள் 622

பனிக்கிணற்றைக் கூப்பிட்டேன். கணக்குப்பிள்ளை சொன்னது:

"பனிக்கிணற்றின் வானொலி அணைக்கப்பட்டுள்ளது. புயல் அடங்கிய பின் தொடர்புகொள்வதாக அங்கிருந்து தகவல்."

மறுபடி கூப்பிடு என்றேன். மறுபடி என்றேன். சனியனே மறுபடி கூப்பிடு என்று கத்தினேன். கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. பதில் அதே பதில்.

மதியமே கிளம்பியிருந்தால் இந்நேரம் வந்திருப்பார். செத்த தசை போக மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கலாம். பலன் சொற்பம் என்று எழுதியிருக்கிறேன், மேலே இருக்கிறது, படித்தேன். சொற்பம் என்றால் என்ன. சொற்பம் போதுமே. எவள் எழுதியது அதை.

இனி எழுத முடியவில்லை. சொல்கிறேன், கணக்குப்பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

குரல் பதிவு, எழுத்து வடிவில்

"அண்ணாச்சி. நான் ஹெப்சி பேசுதேன். பொய் சொல்லிட்டேன் அண்ணாச்சி. சுத்தமா இல்ல. சத்தியம்னு சொன்னேம்லா, அது பொய்.

இல்ல, பொய் சொன்னது நான் இல்ல. வர வேண்டாம்னு சொன்னது மருந்து. கையில இருந்தது, எடுத்துப் போட்டுட்டேன். இப்பந்தான் நான் பேசுதேன். கேக்குதா.

கெளம்பி வாங்க. ஹீட்டரப் பிடுங்கிட்டு வாங்க. வழி தெரியலன்னாலும் வாங்க. கலம் நின்னா நடந்து வாங்க. நீங்க வழியில செத்தாலும் பரவாயில்ல அண்ணாச்சி, வாங்க, எனக்கு"

பதிவு இங்கே நின்றது. பனிக்கிணற்றுக்கான அழைப்பு தொடர்கிறது.